திவினா ஆற்றின் பனிப்பாதை

அருணாவின் மகனுக்கு ரஷ்யாவில் டாக்டர் சீட் கிடைத்த நாளிலிருந்து தாமரைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அசிடிட்டி என்று நினைத்து சேதுராமன் மாத்திரை வாங்கி வந்தார். பாவம், கணவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

குவைத்தில் அப்பாசியா என்ற பகுதி. ஒரே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு குடும்பமும் எதிரெதிர் ஃபிளாட். பல வருடப் பழக்கம். இட்லி மாவிலிருந்து இண்டர்நெட் வரை பங்கு போட்டுக்கொண்டவர்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே இந்தியப் பள்ளியில் ஒரே வகுப்பு. தாமரையின் மகள் ஷ்ருதி எப்போதும் முதல் வரிசை. அருணாவின் மகன் ரோஹித் எல்லாப் பாடத்திலும் பாஸானால் அன்றைக்கு எதிர்வீட்டில் பாயசம். அப்படிப்பட்டவன் நீட் தேர்வில் தட்டுத்தடுமாறித் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டான். ஷ்ருதிக்குப் பரீட்சையன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தாண்டவில்லை. அவன் ஆர்க்காங்கெல்ஸ்க் என்ற ஊருக்கு விமானம் ஏறினான். இவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதே புத்தகங்களை மறுபடி படிக்கிறாள். எந்தத் தாய்க்குத்தான் மனசு ஆறும்?

அருணா பெருமையடிக்கிற ரகமாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அவள் வெள்ளந்தி. சாயங்காலமானால் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"தாமரைக்கா, இதப் பாருங்களேன், ஆறு! அப்படியே கல்லா உறைஞ்சு கெடக்கு. இவன் அது மேல நிக்கறான். எதிர்ல ஒரு தீவு இருக்காம். லீவு நாள்ல பசங்களோட ஆத்து மேலயே நடந்து போறாங்களாம்!"

"அடடே, ரொம்ப அழகா இருக்கே" என்றாள் தாமரை. வாயெல்லாம் பல். உள்ளே மட்டும் அடுப்பு.

அன்றிரவே அந்த ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாள். எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்ற ஆசைதான். வட திவினா ஆறு வெண்கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், பல கிளைகளாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது ஊர். நானூறு வருடத்துக்கு மேற்பட்ட துறைமுகம். ஒரு காலத்தில் ரஷ்யாவோடு கடல்வழியாக வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் ஆங்கிலேயனும் டச்சுக்காரனும் அங்கேதான் கப்பலை நிறுத்த வேண்டும். பிறகு பீட்டர் மன்னர் பால்டிக் கரையில் புதிதாக ஒரு நகரத்தைக் கட்டி, வியாபாரத்தையெல்லாம் அங்கே திருப்பிவிட்டார். பழைய துறைமுகம் வாடிப்போனது. மர வியாபாரம் வந்துதான் பிற்பாடு மறுபடி தலைதூக்கியது.

இதைப் படித்தபோது தாமரைக்கு அந்த ஊர்மேல் பாசமே வந்துவிட்டது. வரிசையில் முன்னால் நின்றவளை ஒதுக்கிவிட்டு நேற்று வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் பாசத்துக்காகவா அவள் படிக்க உட்கார்ந்தாள்? மேலே படித்தாள்.

கிடைத்தது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக எதிர்வீட்டுக்கு ஊட்டினாள். டிசம்பரில் சூரியன் நாலு மணி நேரம் தலைகாட்டினால் பெரிது என்றாள். இருட்டிலேயே கிடந்தால் பிள்ளைகளுக்கு மனசு கெட்டுவிடுமாம் என்றாள். எல்லாம் அக்கறையான குரலில்தான். அருணாவின் முகம் சுண்டச் சுண்ட, தாமரைக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வந்தது.

மார்ச் மாதம் அவள் பேச்சு அந்த ஆற்றுக்கு வந்தது.

"அருணா, நான் சொல்றேன்னு பயந்துக்காதே. அந்த ஆத்து நடுவுல பனியை உடைச்சுட்டுக் கப்பல் போகுமாம். அதுவும் ஏப்ரல் வந்தா மொத்தமும் பாளம் பாளமா உடைஞ்சு கடலுக்கு ஓடுமாம். இவனானா அது மேல நடந்து போறேங்கறான்."

அருணா போனைக் கீழே வைத்தாள். "நெஜமாவாக்கா?"

நிஜம்தான். ஆனால் தாமரை படித்தது இரண்டு வரி. சொன்னது ஒரு வரி. பனியின் கனத்தை அளந்து பார்த்துத்தான் அதன்மேல் நடக்கும் பாதையைத் திறப்பார்கள், கப்பல் போனால் மறுபடி இறுகும்வரை ஆளை விடமாட்டார்கள், பனி உடைவதற்கு வெகு முன்பே பாதையை மூடிவிடுவார்கள் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதை அவள் விழுங்கிவிட்டாள்.

அருணாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளுடைய தம்பி பதினாறு வயதில் மேட்டூர் கால்வாயில் மூழ்கிப் போனவன். அதுவும் தாமரைக்குத் தெரியும். ஒரு வாரம் அருணா சாப்பிடவில்லை. உடனே வராவிட்டால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று போனில் கதறினாள். பையன் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா என் புள்ளைய ஆத்துக்குக் குடுத்திருப்பேன்க்கா" என்று அருணா தாமரையைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாமரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வயிற்றெரிச்சல் நின்றிருந்தது. நினைத்தது நடந்துவிட்டது, இனி இரண்டு வீடும் சமம்தான்.

நான்கு நாள் கழித்து ரோஹித் தனியாக வந்து கதவைத் தட்டினான். இளைத்திருந்தான். மீசை முளைத்திருந்தது. சோபா நுனியில் உட்கார்ந்தான்.

"ஆன்ட்டி, உங்களுக்கு அந்த ஊரப் பத்தி எல்லாம் தெரியுமாமே, அம்மா சொன்னாங்க. இங்க யார்கிட்ட பேசினாலும் அது எங்க இருக்குன்னே தெரியல." அவனே சிரித்துக்கொண்டான். "சோலம்பலான்னு ஒரு பேட்டை, அங்கதான் என் கூடப் படிக்கறவன் வீடு. பழைய மர வீடுங்க, ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். அனாட்டமில மொத டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டேன் ஆன்ட்டி. நானு! எனக்கே நம்ப முடியல. ஜூன்ல ராத்திரிகூட இருட்டாதாம், அதப் பாக்கணும்னு இருந்தேன்."

தாமரை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

"இந்த மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா காலேஜ்ல பேரை எடுத்துடுவாங்க. பாதைய முன்னாடியே மூடிடுவாங்கன்னு அம்மாகிட்ட எவ்ளோ சொன்னாலும், பொய் சொல்றேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. ப்ளீஸ் ஆன்ட்டி, ஒரு தடவ சொல்லுங்க."

அறைக்கதவு திறந்திருந்தது. புத்தகத்தோடு அங்கே நின்ற ஷ்ருதி, "அது அம்மாவுக்குத் தெரியுமே" என்றாள். "அன்னிக்கு எனக்குப் படிச்சுக் காட்டினியேம்மா, அளந்துதான் விடுவாங்க, முன்னாடியே மூடிடுவாங்கன்னு."

ரோஹித் தாமரையைப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. புரியாமல் நம்பிக்கையோடு பார்த்தான். அதைத்தான் தாமரையால் தாங்க முடியவில்லை. எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

அருணா மகனுக்காக மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். தாமரை சமையலறை வாசலில் நின்று, பாதையை மூடிவிடுவார்கள், பயமில்லை, பையனை அனுப்பு என்று சொல்லி முடித்தாள்.

அருணா சிரித்தாள். "அவன் வந்து அழுதானா? உங்களுக்கு எளகின மனசுக்கா. அவனுக்காகப் பொய் சொல்ல வந்துட்டீங்க. அன்னிக்கு நீங்க சொன்னதே எனக்குப் போதும்."

"அன்னிக்குச் சொன்னதுதான் அருணா பொய்."

"சும்மா இருங்கக்கா. நீங்க எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லணும்?"

அருணா மீனைத் திருப்பிப் போட்டாள். இப்படியே திரும்பிப் போய், நான் சொல்லிப் பார்த்தேன், உங்கம்மா கேட்கவில்லை என்று பையனிடம் சொல்லிவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த எண்ணமும் தாமரைக்கு வந்தது.

"பொறாமை" என்றாள். "எம் பொண்ணு வீட்ல உக்காந்திருக்கா, உம் பையன் டாக்டராகறானேன்னு பொறாமை. அவன் திரும்பி வரணும்னுதான் சொன்னேன். உன் தம்பி செத்த விதம் தெரிஞ்சுதான் ஆத்தைச் சொன்னேன்."

அருணா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை, அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வெளிய போங்க" என்றாள். அக்கா என்ற சொல் இல்லை.

வியாழக்கிழமை ரோஹித் கிளம்பினான். தாமரை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கீழே அருணாவின் கணவர் சரவணகுமார் மகனின் பெட்டியை டிக்கியில் ஏற்றினார். ஷ்ருதி இறங்கிப் போய் அவனுக்குக் கைகொடுத்தாள். அருணா அண்ணாந்து பார்க்கவே இல்லை. மகனைக் கட்டிக்கொண்டு, நடைபாதை என்றும் பாராமல், ஓவென்று அழுதாள்.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். தாமரைக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையை வழியனுப்பி இப்படி அழுவதற்கு அருணாவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று, அந்த அழுகையைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.