மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி ஆற்றோரம் நடந்தது. நம்பாதவர்கள் போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே இருப்பவர்கள் இதைவிடக் கூடுதலாகவே சொல்வார்கள்.

பச்சையம்மாள் பால் டம்ளரோடு கட்டிலை நெருங்கியபோது, தமிழ்ப்ரியா குறுக்கே கை நீட்டி மறித்தாள்.

"வழி வுடுடி. எந் தம்பிக்கி ஒரு வாய் ஊத்திட்டுப் போறேன்."

"வேணாம் அத்த. எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு."

"எந்த டாக்டரு? இனிமே வூட்டுல வச்சிப் பாத்துக்கங்கன்னு அனுப்புனாரே, அவரா? எலவனாசூர்கோட்டைலேர்ந்து பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி வந்துக்கினு கீறேன். பாலு ஆறுது பாரு."

"ஆறட்டும்."

"இன்னா பேச்சு பேசறா பாத்தியா ஒம் பொண்ணு?" என்று பச்சையம்மாள் தம்பி மனைவியிடம் திரும்பினாள். பழனியம்மாள் கணவரின் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தமிழ்ப்ரியா பயந்த விஷயம் ஜன்னலுக்கு வெளியே, வேலிக்குள், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்த ஆதிமூலத்துக்கு ஆற்றை அளக்கும் உத்தியோகம். கரையில் நட்ட அளவுகோலைப் பார்த்து மட்டம் சொல்வார்; மரத்துண்டை எறிந்து ஓட்டத்தின் வேகம் சொல்வார். அவர் எறிந்ததும், கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிக்கிறவரை கோமுகி மரியாதையாக நின்று, பிறகுதான் ஓடும். வீட்டை ஒட்டிய வேலிக்குள் ஆவித்தட்டு என்று ஒரு அகலமான வட்டத் தொட்டி. வெயிலும் காற்றும் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அதில் தெரியும். உள்ளே ஒரு ஊசி நிற்கும். குறைந்த தண்ணீரைக் காலையில் குவளையால் அளந்து ஊற்றி ஊசிமுனையைத் தொடவைக்க வேண்டும். மழை பெய்து ஏறியிருந்தால் அளந்து எடுக்க வேண்டும். ஒரு சித்திரையில் வெயில் குடித்த வேகத்தில், நீந்திக்கொண்டிருந்த தவளைக்குக் கால் தரைதட்டி, அது நடந்தே வெளியேறியது. தட்டின்மேல் கம்பிவலை போட்டது அதற்குப் பிறகுதான்.

வயிற்றில் கட்டி வந்து அவர் படுத்ததும், சின்னசேலத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்த மகள் லீவு போட்டுவிட்டு வந்து குவளையைக் கையில் எடுத்தாள். முதல் நாளே தண்ணீர் ஊசிக்கு மேலே நின்றது. பக்கத்திலிருந்த மழைமானி காய்ந்து கிடந்தது. அளந்து எடுத்து வெளியே ஊற்றினாள். மறுநாளும் ஏறியிருந்தது.

"அப்பா, தட்டு ஏறிக்கினே போவுதுப்பா. மழையே இல்ல."

ஆதிமூலம் கண்ணை மூடியபடி சிரித்தார். "தண்ணி காணாம போவாது பாப்பா. ஒரு எடத்துல கொறஞ்சா இன்னொரு எடத்துல சேந்துருக்கும். எங்க கொறஞ்சிதுன்னு பாரு."

அவள் பார்த்தாள். அவருடைய கன்னம் ஒட்டியிருந்தது. நாக்கு மரப்பட்டையாக வெடித்திருந்தது. கையைக் கிள்ளி விட்டால் தோல் கிள்ளிய இடத்திலேயே நின்றது. டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தும் மனிதர் காய்ந்துகொண்டே வந்தார்; வெளியே தட்டு நிரம்பிக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து எடுப்பதை நிறுத்தினாள். எடுப்பது யாருடைய தண்ணீர் என்ற நினைப்பு வந்தபின் குவளை கையில் நிற்கவில்லை. ஏற்கெனவே எடுத்து ஊற்றிய இடத்தில் பச்சென்று புல் முளைத்திருந்தது. மேய வந்த ஆடு அதை மோந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விளிம்பைத் தாண்டித் தட்டு வழிந்தால் அப்பா போய்விடுவார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர் விளிம்பில் நின்றது. அவர் குடிக்கிற ஒவ்வொரு வாயும் அங்கேதான் போய்ச் சேரும்.

பொழுது சாயும் நேரம் ஆதிமூலம் கண் திறந்தார். "தண்ணி."

தமிழ்ப்ரியா ஜன்னலைப் பார்த்தாள். காற்று இல்லை. தட்டு கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"தோ தரேம்ப்பா," என்றாள். துணியை நனைத்துப் பிழிந்து, உதட்டில் ஒற்றினாள். அவர் துணியைப் பல்லால் பிடித்துச் சப்பினார். அவள் மெல்ல இழுத்தாள். அவர் விடவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"குடிக்கக் குடுடி பாவி," என்று டம்ளரை எடுத்துக்கொண்டு பச்சையம்மாள் ஓடிவருவதற்குள் துணி தானாகக் கையோடு வந்துவிட்டது.

பச்சையம்மாள் டம்ளரைத் தரையில் வைத்தாள். பாலில் ஏடு கட்டியிருந்தது. பழனியம்மாள் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்தவள், ஐஸ் பெட்டி வந்தபோதும், சொந்தக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும், விடிந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

காலையில் பந்தலடியில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டரை ஆனதும் தமிழ்ப்ரியாவின் கால்கள் பழக்கத்தில் வேலிக்குள் நடந்தன.

தட்டு இறங்கியிருந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய ஈரக்கோடு. ஒரு சாதாரண நாளின் வெயிலும் காற்றும் குடிக்கிற அளவு.

 பிறகு கம்பிவலையை நகர்த்தி, குவளை நிறைய மொண்டுகொண்டு வந்தாள். குளிப்பாட்டுவதற்காக அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தளர்த்தி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"எங்கம்மா தண்ணி அது?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அவுருதுதான்."

தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து காதோரம் இறங்கியது. பச்சையம்மாள் முந்தானையால் அதைத் துடைத்தாள். குவளை காலியாகிறவரை ஊற்றுவதும் துடைப்பதுமாக இருந்தார்கள்.

ஆதிமூலம் படுத்த நாளிலிருந்து, வீட்டுக்காரர் வேலை நின்றுபோகக் கூடாதென்று, பழனியம்மாள் தினமும் விடிவதற்குள் எழுந்து அந்தத் தட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.