ஃபாரின் சோடா

எழிலன் சொன்னது ஒரே ஒரு பொய்தான். பெண் பார்க்கப் போன அன்று, "பிரான்சுல மூணு மாசம் இன்னா நைனா வேல பாத்த?" என்று வருங்கால மாமியார் ராஜாத்தி கேட்டாள். "சோடா கம்பெனி அத்தை" என்று சொல்லிவிட்டான். கேஸ் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, திறந்தால் புஸ்ஸென்று பொங்குகிறது. சோடா என்று சொன்னதில் பாதி உண்மை இருப்பதாக அவனே அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ராஜாத்தியிடம் மீதிப் பாதியைச் சொல்லும் தைரியம் புளியந்தோப்பில் எவனுக்கும் கிடையாது. அவள் புருஷன் குடித்தே செத்தவன். அவன் காரியம் முடிந்த கையோடு, ஐம்பது பெண்களைத் திரட்டி, கையில் விளக்குமாறோடு தெருமுனைக் கடைக்குப் போனவள் அவள். அந்தக் கடையின் போர்டில் சிவப்பு எழுத்தில் 'ஒயின்ஸ்' என்று இருக்கும். உள்ளே பிராந்தி உண்டு, ரம் உண்டு, ஒயின் மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தும் அந்த ஏரியாவில் ஒயின் என்றால் சாயங்காலம் புருஷன் முகம் மாறுவது, பொண்டாட்டி முதுகு வீங்குவது, அவ்வளவுதான். போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து தன் வீட்டுக் குளியலறைக்குக் கதவாக மாட்டிக்கொண்டாள் ராஜாத்தி.

எழிலன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். அங்கே செய்வது ஆள் உயர இரும்புக் கூண்டுகள். அதில் ஐந்நூறு நுரை ஒயின் பாட்டிலைத் தலைகீழாக அடுக்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், உள்ளே இருக்கும் வண்டல் கழுத்துக்கு இறங்கிவிடும். பிரான்சில் ஒரு குட்டி கிராமத்துக்குப் போன நாற்பது கூண்டில் இரண்டு, கப்பலில் போகும்போது கோணிக்கொண்டு விட்டதால், அவற்றை நிமிர்த்தி, மற்றதையும் பொருத்தித்தர மூன்று மாதத்துக்கு எழிலனையே அனுப்பிவைத்தார் முதலாளி. அந்த ஊரின் பெயரை எழுதினால் பதினாலு எழுத்து. சொன்னால் மூன்றுதான் வாயில் வரும், அதிலும் ஒன்று மூக்கில் போய்விடும்.

மலைச்சரிவு பூராவும் இடுப்பளவு திராட்சைக் கொடிகள், காலில் ஒட்டும் சுண்ணாம்பு மண். ஊரில் இருப்பது முப்பது வீடு. வீட்டுக்கு வீடு அடியில் சுரங்கம், சுரங்கம் முழுக்கப் பாட்டில். அடுத்த வீட்டுக்காரன் செய்வது கழுநீர் என்று முப்பது வீட்டிலும் சொன்னார்கள். மண்ணைப் பற்றிப் பேசினால் காலையில் ஆரம்பித்த பேச்சு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்காது. எழிலன் தங்கியிருந்தது லூயிஸ் வீட்டில். ஐம்பது வயது, தொப்பை, நகத்துக்குள் எப்போதும் மண். பாட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும் ஆள்.

அந்த லூயிஸ், இன்னும் நாற்பது கூண்டுக்கு ஆர்டர் கொடுக்க, சரியாக எழிலனின் நிச்சயதார்த்த வாரத்தில் சென்னைக்கு வந்து இறங்கினான். பட்டறையில் யாரோ வாய் வைத்துக்கொண்டு சும்மா இராமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். "நானும் வருகிறேன்" என்று சைகையிலேயே குதித்தான் லூயிஸ். வேண்டாம் என்று எழிலன் தலையாட்டினான். நம் ஊர்த் தலையாட்டலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டான் அந்தப் பாவி.

நிச்சயதார்த்தம் காலை பத்து மணிக்கு. ராஜாத்தியே முன்னால் உட்கார்ந்து புத்தரின் ஐந்து உறுதிமொழியான பஞ்சசீலத்தைச் சொன்னாள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். முதல் மூன்று சீலத்தையும் எழிலன் கணீரென்று சொன்னான். பொய் சொல்லாதிருப்பது நாலாவது, அங்கே குரல் இறங்கியது. குடிக்காதிருப்பது ஐந்தாவது, அங்கே உதடு மட்டும் அசைந்தது. எதிரே மணப்பெண் சங்கமித்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளைப் பார்த்த நாளிலிருந்து எழிலன் கண்ணாடி போடாமலே வெல்டிங் வைத்து, இரண்டு தடவை கண்ணுக்கு மருந்து ஊற்றிக்கொண்டவன். இந்தப் பெண் கிடைக்காமல் போனால் தனக்கு இனி ஒன்றுமில்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தட்டு மாற்றப் போகும் நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஈரத்துண்டில் சுற்றிய பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு லூயிஸ் இறங்கினான்.

"யாருப்பா இந்தத் தொரை?" என்று கேட்டாள் ராஜாத்தி.

"எங்க சோடா மொதலாளி அத்தை. ஃபாரின் சோடா கொண்டாந்துகிறாரு. சூட்டுல கெட்டுப் பூட்டிருக்கும், அப்பால பாத்துக்கலாம்."

"வூடு தேடி வந்தவரு, இப்பவே தொறக்கட்டும்" என்றாள் ராஜாத்தி.

லூயிஸ் கம்பியைப் பிரித்தான். மூடி பாய்ந்துபோய் தகரக் கூரையில் டணாரென்று அடித்தது. நுரை வழிந்தது. ராஜாத்தியின் மூக்கு ஒரே ஒரு முறை விரிந்தது. பதினெட்டு வருஷம் வாசலில் நின்று புருஷன் வாயை மோந்த மூக்கு அது, தெரு திரும்பும்போதே இன்றைக்கு ரம்மா சாராயமா என்று சொல்லிவிடும்.

"இது சோடா இல்ல" என்றாள்.

"ஒயின்" என்றான் லூயிஸ், பெருமையாக நெஞ்சைத் தட்டி. "மை ஒயின்."

புளியந்தோப்பில் அந்த வார்த்தை தெரியாதவர்கள் யார்? எழிலனின் அம்மா அன்புக்கரசி தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். எழிலன் தரையைப் பார்த்தான். எல்லாம் முடிந்தது, இனி பட்டறைக் கம்பியும் கரியும்தான் என்று நினைத்தான்.

இதெல்லாம் ஒன்றும் புரியாத லூயிஸ் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினான். மூக்கை வைத்தான். ஒரு வாய் எடுத்து, கொடகொடவென்று உள்ளேயே உருட்டினான். பிறகு வாசலுக்குப் போய், சாக்கடையில் புளிச்சென்று துப்பினான். முப்பது வருஷப் பழக்கம். முதல் வாய் அவனுக்கு எப்போதும் வேலைதான், விருந்தெல்லாம் இரண்டாவது வாயில்தான்.

ராஜாத்தி எழுந்து வாசலுக்கு வந்தாள். சாக்கடையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஏன் துப்புறாருன்னு கேளுடி."

சங்கமித்ரா இங்கிலீஷில் கேட்டாள். லூயிஸ் நீளமாக ஏதோ சொன்னான். "தெனம் அம்பது பாட்டில் ருசி பாக்கணுமாம். முழுங்கினா மத்தியானத்துக்குள்ள செத்துருவாங்களாம். அதனால ஊர்ல எல்லாருமே துப்பிருவாங்களாம்" என்றாள் அம்மாவிடம்.

ராஜாத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாயில ஊத்திகினு துப்புற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். "எங்கூட்டு ஆளு ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்டி துப்பியிருந்தா..." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். லூயிஸ் தொப்பியைக் கழற்றினான்.

பிறகு ராஜாத்தி எழிலன் பக்கம் திரும்பினாள். "நீ வா இங்க. மூணு மாசம் நீ துப்புனியா, முழுங்குனியா?"

பின்னாலிருந்து அன்புக்கரசி 'துப்பினேன்னு சொல்லு' என்று உதட்டை அசைத்தாள்.

"மொதல் வாரம் முழுங்குனேன் அத்தை. கெறங்கிப்போயி கூண்டுமேலயே வுழுந்தேன். அப்பால அவுங்கதான் துப்பக் கத்துக்குடுத்தாங்க."

"அஞ்சாவது சீலம் போச்சு, சரி. நாலாவது எதுக்குப் போச்சு?"

"பொண்ணு தரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

ராஜாத்தி பாட்டிலை வாங்கி டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "வாயில ஊத்து. துப்பு. பாக்கலாம்." ஊற்றிக்கொண்டதும் அவன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள்.

வாய்க்குள் அந்த மலைச்சரிவே வந்து இறங்கியது. சுண்ணாம்பின் குளிர்ச்சி, சுரங்கத்தின் ஈரம், நாக்கில் ஆயிரம் ஊசி. தொண்டை கெஞ்சியது. தெருவே கூடி நின்று பார்த்தது. சங்கமித்ரா மூச்சுக்கூட விடாமல் நின்றாள். அவன் குனிந்து, சாக்கடையில், ஒரு சொட்டு விடாமல் துப்பினான். லூயிஸ் கைதட்டினான்.

"எப்டி கீது?" என்றாள் ராஜாத்தி, விரலை எடுக்காமல்.

நல்லாயில்லை என்று சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

"ரொம்ப நல்லா கீது அத்தை. முழுங்கிடலாம்னு இருந்துச்சி."

அவள் விரலை எடுத்தாள். "இந்த வாய் அன்னிக்கு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, மீதிப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். இன்னும் இரண்டாவது வாய் குடிக்காத லூயிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்டாடினான்.

"தட்ட எடுத்தாடி" என்றாள் ராஜாத்தி.

சங்கமித்ரா தட்டோடு அவனைத் தாண்டிப் போகும்போது, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சோடாவாம், சோடா."