நிறுத்தாத மோட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலை. பவானிபூர் வீட்டு வாசலில் சுந்தரேசன் தம் மோட்டார் டயருக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் பெரிய உத்தியோகஸ்தர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் அந்த வண்டியை வாங்கி, உயரமான சக்கரங்களைக் கழற்றிச் சின்னதாக மாட்டியிருந்தார். தாழ்ந்திருந்தால்தான் பார்க்க எடுப்பாம். டயர் சற்றுப் பிதுங்கினாலும் அவருக்குப் பிடிக்காது, கல்லாகும்வரை காற்றடிப்பார்.

பெரிய சக்கரம் குழியைத் தாண்டிவிடும், சின்னது விழுந்து எழும். காற்று மிஞ்சினால் அதிர்ச்சியெல்லாம் உள்ளே இருப்பவர் உடம்புக்குத்தான் வரும். மோட்டார் கடைக்காரர் இதைச் சொல்லியிருந்தார். சுந்தரேசன் தெரிந்தேதான் செய்தார்.

மனைவி சாவித்ரிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான குழந்தை. அன்று பெஹாலாவில் அவள் அக்கா வீட்டில் விருந்து.

"குதிரை வண்டியிலே போயிடலாமே. உடம்பு குலுங்கப்படாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"மோட்டார் வாசல்லே நிக்கறச்சே குதிரை வண்டியா? நாலு பேர் சிரிப்பா."

காளிகாட் தாண்டியதும் மழையில் அரித்துப்போன சாலை. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. சாவித்ரி இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கோ. இடுப்பு விட்டுப்போறது."

"இதோ வந்துடுத்து."

"வலி தாங்கலை. நிறுத்துங்கோன்னா!"

"நடுரோட்டிலே நிறுத்தினா வண்டி ரிப்பேர்னு நினைச்சுப்பா. சித்தெ பொறுத்துக்கோ."

பெஹாலாவில் அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் குழந்தை பிறந்தது. அழவில்லை.

வங்காளி டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குலுக்கல்தான் காரணமென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வலி என்றதுமே நிறுத்தியிருக்க வேண்டும்."

சாவித்ரி வீடு திரும்பியும் கட்டிலைவிட்டு எழவில்லை. ஒருநாள் சுந்தரேசன் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"பழைய சக்கரத்தையே மாட்டிடறேன். காத்தையும் கொறைச்சுடறேன். இனிமே மெத்தை மாதிரி போகும்."

"யாரை ஏத்திண்டு போகப்போறேள்?" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "சக்கரம் சின்னதா பெரிசா, எனக்கென்ன தெரியும்? வலிக்கறதுன்னு சொன்னேன். என்னைவிட ரோட்டிலே நிக்கறவா உங்களுக்குப் பெரிசாப் போயிட்டா."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில், ஆபீசில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ராகவேந்திரன் புதிதாக ஒரு மோட்டார் வாங்கினான். உற்சாகமாக வந்து கேட்டான்: "சார், டயர்லே காத்து எவ்வளவு இருந்தா பார்வையா இருக்கும்?"

சுந்தரேசன் சொன்னார்:

"பார்வைக்காக அடிக்காதேப்பா. உள்ளே உக்கார்றவாளுக்காக அடி. அவா வலிக்கறதுன்னா, யார் பார்த்தாலும் சரி, அந்த இடத்திலேயே நிறுத்திடு. நம்ம ஜம்பத்துக்காக வீட்டுப் பொம்மனாட்டிகள் வலியை முழுங்கிண்டு வரணும்னு நினைக்கறது மகா பாவம்."