படுக்கப் போட்ட டிவி

கோடை விழா நெருங்கும் சமயம் பார்த்துத்தான் தனலட்சுமியின் குருவி மெஷின் புகை விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டாள், 'டப்' என்றது, அவ்வளவுதான். ஏற்காடு ஏரிக்குப் போகிற ரோட்டில் அவள் நடத்திய வீடியோ கேம்ஸ் கடையில் கார் ரேஸ் மெஷின், குத்துச்சண்டை மெஷின் எல்லாம் இருந்தாலும் கூட்டம் மொய்ப்பது குருவி மெஷினைத்தான். மேலிருந்து குருவிகள் வரிசை வரிசையாகப் பாய்ந்து வரும். கீழே ஒரு சின்னப் பீரங்கியை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சுட்டுத் தள்ள வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த கிறிஸ்துதாஸ் வந்து பின்பலகையைக் கழற்றிப் பார்த்தான்.

"பிக்சர் டியூப்பும் போச்சு, போர்டும் கருகிப் போச்சுங்க்கா. இது மெட்ராஸ்லகூடக் கிடைக்காது."

அன்று சாப்பிடும்போது மனைவி இன்பமேரியிடம் அதைச் சொன்னான். அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான். சேலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், சீருக்குக் கட்டில் வேண்டாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டு, அதற்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரோடு மலையேறி வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் இன்னும் நேருக்கு நேர் பார்த்துப் பேசக் கூச்சம்.

"ஏனுங்க, அந்த ஆட்டம் என்கிட்ட இருக்குதுங்க," என்றாள் ரசத்தைப் பார்த்தபடி.

பழைய மெஷின்களைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற ஒரு புரோகிராம் அவளிடம் சிடியில் இருந்தது. மறுநாளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தனலட்சுமி கடைக்குப் போனார்கள். குருவிகள் வந்தன. தனலட்சுமி கைதட்டினாள்.

அப்போதுதான் பெருமாள் உள்ளே வந்தார். மாரமங்கலம் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குருவி சுடுகிற மனுஷன். கோடை விழா அன்றைக்கு அவருக்கும் தனலட்சுமிக்கும் நடக்கிற போட்டியைப் பார்க்கவே மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் ஆள் வரும்.

பெருமாள் மானிட்டரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. இது நம்ம குருவி இல்லீங்க. ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்குது. அது றெக்கை அப்படியே மினுங்குமுங்க."

மேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே, "அவரு சொல்றது நெசந்தானுங்க" என்றாள். பழைய டியூப் படத்தைக் கோடு கோடாக, இடைவெளி விட்டு வரையும். கம்ப்யூட்டர் மானிட்டர் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை வரைந்து இடைவெளியை அடைத்துவிடும். "மானிட்டரே வேண்டாம். டிவியில போடலாமா?"

கிறிஸ்துதாஸுக்குக் கை துறுதுறுத்தது. கடையில் கிடந்த பழைய கலர் டிவியின் உடம்பில் கரண்ட் ஏறாமலிருக்கத் தனி டிரான்ஸ்பார்மர் வைத்தான். கம்ப்யூட்டரிலிருந்து சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று வயர் இழுத்து டியூப்புக்குப் பின்னால் இருக்கிற போர்டில் பற்றவைத்தான். சுவிட்சைப் போட்டதும் டிவி 'கீ'யென்று கத்தியது. திரையில் ஒரே ஆட்டம் இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடியது.

"ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!" என்று மேரி அலறினாள். டிவி ஒரு கோடு வரைகிற நேரத்துக்குள் கம்ப்யூட்டர் இரண்டு கோட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. வேகத்தைப் பாதியாக்கினாள். இரண்டு ஆட்டம் ஒன்றானது. ஆனால் படம் கொடியில் காயும் சேலை மாதிரி மேலே மேலே உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

அதற்கான திருகு டிவிக்குப் பின்னால் இருந்தது. கிறிஸ்துதாஸ் பின்னால் உட்கார்ந்து திருகினான். திரை தெரிவதற்காக முன்னால் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தி வைத்தான்.

"அக்கட்டால திருப்புங்க. ஐயோ, நொம்பப் போச்சு! இக்கட்டால... இக்கட்டால... நின்னுருச்சுங்க! என்னங்க, விடாம திருப்பறீங்க? நின்னுருச்சுன்னு சொல்றனில்ல?"

அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது திரையை அல்ல. அது புரிந்ததும் மேரிக்கு வெட்கம் தாங்கவில்லை. கண்ணாடியை வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கினால் மறுபடி வந்தது.

குருவிகள் இப்போது அழகாகப் பறந்தன. ஆனால் பீரங்கியைக் காணோம். திரையின் கீழ் விளிம்புக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒளிந்திருந்து சுட்டது. ஆட்டத்தின் உயரம் 288 கோடு. இந்த வேகத்தில் டிவிக்கு அவ்வளவு கோடு கொள்ளவில்லை. நசுக்கிப் பார்த்தாள். நசுக்கினால் சில கோடுகள் காணாமல் போய்க் குருவிக்குக் காலில்லை.

மேரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "ஏனுங்க, செத்துப்போன மெஷின்ல டியூப்பு எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? நெட்டுக்குத்தலா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "மேரி! அது படுத்துக் கெடந்துச்சு. பக்கவாட்டுல!"

"அப்ப அகலம்தான் 288. உசரம் வெறும் 224 கோடு. அதுதாங்க அதோட சொந்த அளவு, ரெசல்யூஷன். நாமதான் நிமித்தி வெச்சுக் கொடுமைப்படுத்தறோம்!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிவியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டார்கள். மேரி 288, 224 என்று எழுதி, படத்தைத் திருப்பாதே என்று புரோகிராமுக்கு உத்தரவு கொடுத்தாள். திரை நிறையக் குருவிகள். கீழே பீரங்கி, முழுசாக. மேரி குதித்ததில் மேஜையில் இருந்த திருகாணி டப்பா கவிழ்ந்தது.

மறுநாள் டிவியைத் தனலட்சுமி கடைக்குக் கொண்டுபோய்ப் பழைய மெஷின் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். போட்டதும் தனலட்சுமி அலறினாள்.

"ஏங்கண்ணு, குருவிக்கு மஞ்சக்காமாலையா?"

ஒரு மூலை மஞ்சள், இன்னொரு மூலை பச்சை. முந்தின நாள் குதித்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் இதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தே பழகிய டியூப்பைப் படுக்கப் போட்டால் பூமியின் காந்தம் அதன் நிறத்தைக் கலைத்துவிடும். அதைப் போக்கக் கிறிஸ்துதாஸ் வளையமாகச் சுற்றிய ஒரு கம்பிக் காயிலைக் கரண்டில் சொருகித் திரைக்கு முன்னால் வட்டம் வட்டமாகச் சுற்றினான். நிறங்கள் பம்பரமாகச் சுழன்றன. சுற்றிக்கொண்டே அவன் மெதுவாகப் பின்வாங்கி வாசல்வரை போனான்.

தனலட்சுமி பயபக்தியோடு கும்பிட்டாள். "நல்லாச் சுத்திப் போடு கண்ணு. இந்த ரோட்டுக்காரங்க கண்ணு பூராவும் எங் கடை மேலதான்."

மேரி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காயிலை நிறுத்தியபோது திரை சுத்தக் கறுப்பாக, குருவிகள் சிவப்பும் நீலமுமாக இருந்தன.

விழா அன்றைக்குப் பெருமாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கடைக்கு வெளியே ரோடுவரை கூட்டம். திரைக்கு முன்னால் குனிந்தார். முதல் குருவி பாய்ந்தது.

"வந்துருச்சுங்க," என்றார். "அதேதானுங்க."

அதற்குப் பிறகு அவருக்குப் பேச நேரமில்லை. தனலட்சுமி ஆடும்போது கல்லாவை யாரும் பார்க்கவில்லை. பெருமாள் ஆடும்போது கடைசி பஸ் போனதை அவர் பார்க்கவில்லை. யாரும் அதுவரை பார்த்திராத கட்டத்தில், தங்க நிறக் குருவி ஒன்று வந்து இரண்டு பேரையும் ஆளுக்கொரு தடவை தீர்த்துக் கட்டியது. பெருமாள் ஒரு குருவி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐம்பத்தைந்து வயது ரைட்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். தோற்ற தனலட்சுமி அவரைவிடச் சத்தமாக விசிலடித்தாள்.

"இந்தா மேரி, நீ ஆடு!" என்று அவளைப் பிடித்துத் தள்ளினாள்.

கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. மேரி பட்டனில் கை வைத்தாள். முதல் குருவியே அவளை முடித்துவிட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது.

"நவுரு, நான் காட்டறேன்," என்று கிறிஸ்துதாஸ் வந்தான். ஒரு குண்டு சுடுவதற்குள்ளேயே அவன் ஆட்டமும் முடிந்தது.

"ஏனுங்க, நம்ம ரெண்டு பேருக்கும் இது சுத்தமா வராதுங்க!" மேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்தில் யார் பார்த்தால் என்ன என்று அவன் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ரோடுவரை நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்கள்.