கப்பலுக்கு ஒரு கையெழுத்து

காலைப் படகு நெடுந்தீவை விட்டுப் புறப்பட்டபோது யாக்கோப்பு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடிதம் இருந்தது. அதோடு வந்த படிவமும் மடித்தபடி இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் மூட்டை ஏற்றுகிற வேலை அவனுக்கு. இன்றைக்கு மத்தியானம் அங்கே தேத்தண்ணிக்கடைக் கைத்தொலைபேசியில் மகன் பேசுவான். அவனுக்கு ஓமென்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டும். நாலு நாளாக எதுவென்று முடிவாகவில்லை.

மகன் மிரோஜன் பிரான்சில். தொண்ணூற்றாறில், பத்து வயதில், யாக்கோப்பின் தங்கை அன்ரனிட்டா அவனைத் தன் பிள்ளையென்று பதிந்து கூட்டிப்போனாள். அங்கே கடதாசியில் அவள்தான் தாய், அவள் புருஷன்தான் தகப்பன். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, கையெழுத்தெல்லாம் அவர்களுடையது. இப்போது அவனுக்குப் பத்தொன்பது. விடுமுறைக்குக் குடும்பமாய் ஒரு பெரிய கப்பலில் இத்தாலிக் கரையெல்லாம் சுற்றப் போகிறார்கள்.

அவன் எழுதியிருந்தான்: “அப்பா, இந்தக் கப்பலிலை ஒரு சட்டம். இருபத்தொரு வயது வந்தால் தாங்களே வாங்கிக் குடிக்கலாம். பதினெட்டுக்கு மேலை, இருபத்தொண்டுக்குக் கீழை எண்டால் தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேணும். அன்ரனிட்டா மாமி வைப்பா. ஆனால் நான் உங்களைத்தான் கேக்கிறன். நீங்கள் ஓமெண்டால் சாப்பாட்டு மேசையிலை எல்லாரோடையும் ஒரு கிளாஸ் வைன். இல்லையெண்டால் எனக்குத் தோடம்பழத் தண்ணி.”

பெற்ற தகப்பனிடம் அவன் கேட்ட முதல் உத்தரவு இதுதான். அதுவும் இதற்கா கேட்க வேண்டும்?

வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது மனைவி மாக்கிறேற் சொன்னாள்: “பிள்ளை கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. பழசைக் கிளற வேண்டாம்.”

பழசு இதுதான். மகன் படகேறிய நாளில் யாக்கோப்பு துறைக்குப் போகவில்லை. விடியவே கள்ளுக் குடித்துவிட்டுப் பனை வடலிக்குள் விழுந்து கிடந்தான். அப்பாவுக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது என்று பிள்ளைக்குப் பொய் சொன்னவள் மாக்கிறேற்தான். தெளிந்து ஓடிப்போனபோது துறையில் ஒருவருமில்லை, வெறுங்கடல். அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொட்டவனில்லை. பிள்ளை இன்றைக்கும் அந்தக் காய்ச்சலை நம்பிக்கொண்டிருக்கிறான்.

சோழகக் காற்று படகைத் தொட்டில் போல ஆட்டியது. நேற்றைய மூட்டைகள் உடம்பை முறித்துப் போட்ட அலுப்பு. பலகையில் சாய்ந்தவனின் கண் செருகியது. வெள்ளைக் கப்பலொன்று வந்தது, மாடிக்கு மேல் மாடியாக, ஓசையே இல்லாமல். அதன் மேல்தட்டில் நெடுந்தீவுக் கல்வேலி ஓடியது. வேலிக்குள்ளே வெள்ளைத்துணி விரித்த மேசைகள், இடையில் மாடுகள் அசைபோட்டபடி நடந்தன. மிரோஜன் பத்து வயதுக் காற்சட்டையோடு வெறுங்கிளாசை ஏந்திக்கொண்டு நின்றான். வெள்ளை உடுப்புக்காரன் குனிந்து, “உமக்குத் தகப்பன் ஆர்?” என்றான். பிள்ளை கரையைக் காட்டினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துறையில் ஒருவருமில்லை.

உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க விழித்தான்.

மத்தியானம் தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் அவனோடு மூட்டை தூக்குகிற குருசுமுத்துவும் வந்து குந்தினான். “என்ன யாக்கோப்பு, உன்ரை கப்பல்கார மகன் எப்ப கோல் எடுப்பான்? எனக்கும் ஒரு உத்தரவு வாங்கித் தா. வயசு அம்பத்திரண்டு, என்ரை மனிசி இன்னும் கையெழுத்து வைக்கிறாளில்லை.”

தொலைபேசி அடித்தது.

“அப்பா, ஓமோ இல்லையோ? மாமி பக்கத்திலை நிண்டு சிரிக்கிறா.”

“அதுக்கு முதல் ஒண்டு சொல்ல வேணும், தம்பி. அண்டைக்கு நீ போகேக்கை நான் துறைக்கு வரேல்லை.”

“உங்களுக்குக் காய்ச்சலெல்லோ.”

“காய்ச்சலில்லை. குடிச்சிட்டு வடலிக்கை கிடந்தனான்.”

குருசுமுத்து தேத்தண்ணிக் கிளாசை மெல்ல வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கரை மறையுமட்டும் பாத்துக்கொண்டு போனனான், அப்பா.”

“ஓம்.” யாக்கோப்பு தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். “இப்ப நீ கேட்டதுக்குச் சொல்லுறன். ஒரு கிளாஸ் குடி. ஆனா ஆரையும் வழியனுப்புற நாளிலை மட்டும் தொடாதை.”

“சரியப்பா. கடதாசியிலை கையெழுத்தை வையுங்கோ.”

“கப்பல் சனிக்கிழமையெல்லோ வெளிக்கிடுது? இது அங்கை வந்து சேராதே.”

“தெரியும். கப்பலுக்கு மாமி வைக்கட்டும். நீங்கள் கையெழுத்தை வைச்சுக் கையிலை வைச்சிருங்கோ. நான் வந்து வாங்குறன்.”

சீமெந்து மூட்டையின் மேல் படிவத்தை விரித்தான். குருசுமுத்து காற்றுக்கு இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தான். எழுத்துகள் கோணிக்கொண்டு வந்தன.

“உது கப்பல் கப்டனுக்கு விளங்குமோ?” என்றான் குருசுமுத்து.

“கப்டனுக்கில்லை” என்றான் யாக்கோப்பு. கடைசி எழுத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்தான். வெயிலில் கடல் வெள்ளையாய் எரிந்தது. அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைவது போலிருந்தது. துறையின் நுனிவரை நடந்துபோய், கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, படகுக்காரன் கூப்பிடும்வரை அங்கேயே நின்றான்.