பேச்சில்லாத பிள்ளை[களு]க்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. கூலிக்கு எழுதப் போன இடத்தில் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு குடும்ப அறக்கட்டளையின் இருபத்தைந்தாம் ஆண்டு மலரை எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனேன், எழுதினேன். அந்த மலரில் எழுதக்கூடாதது எதுவோ, அதுதான் இது.

தொடங்குவதற்கு மூன்று தடவை முயன்றேன். ஒன்று: "சோப்பு வாசனை வீசிய அந்த அறையின் ஜன்னலோரமாக" [வேண்டாம். வாசனையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.] இரண்டு: "கொடுப்பது என்றால் என்ன என்று கேட்டால்" [யாரும் கேட்கவில்லை.] மூன்றாவது கீழே இருக்கிறது. நாலாவது எழுத எனக்குப் பொறுமை இல்லை.

2

செயலாளர் இரும்பு பீரோவைத் திறந்தபோது காலை பதினொரு மணி. அவர் மனசில் ஒரு கலக்கமும் இல்லை. மலரின் முதல் பக்கத்துக்கு முதலாளியின் கையெழுத்தில் ஏதாவது வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

[முதலாளி என்றால் அறக்கட்டளையை நிறுவியவர். சோப்பு ஆலை நடத்தியவர். கண்ணை மூடி இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்த அலுவலகத்தில் மட்டும் அவருக்கு இன்னும் இறந்தகாலம் வரவில்லை. "முதலாளிக்கு இது பிடிக்காது" என்றுதான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.]

செயலாளருக்கு ஐம்பத்தொரு வயது. தட்டச்சராக வந்து சேர்ந்த பெண்மணி. அவர் மனசில் கலக்கம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவரே பிறகு சொன்னார். அவர் சொல்லாததையும் சில இடங்களில் எழுதப்போகிறேன். எது எது என்று துருவாதீர்கள்.

3

ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள அது எப்படிக் கொடுக்கிறது என்று பார்த்தால் போதும். இருபத்தைந்து வருடக் கோப்புகளை ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். கட்டடம் என்றால் இவர்களுக்குக் கை தாராளம். சம்பளம் என்றால் தொண்டையைக் கனைப்பார்கள். கையால் எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் போகும், அச்சடித்த விண்ணப்பம் மாதக்கணக்கில் தூங்கும். எந்த உதவி போனாலும் கூடவே ஒரு பெட்டி சோப்பு போகும். ஒரு மருத்துவமனை, "சோப்பு நிறைய இருக்கிறது, படுக்கைதான் இல்லை" என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தது.

இப்போதைய தலைவர் முதலாளியின் மூத்த மகன். ஆலை முழுக்க அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடும். பெயர்ப்பலகை மாட்டச் சுவர் இல்லாத உதவியை அண்ணன் உதவி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். கெட்டவர் இல்லை. [முதல் வரைவில் கெட்டவராக்கிப் பார்த்தேன். மனிதர் எனக்குத் தினமும் தன் கையாலேயே காபி கொண்டுவந்து வைத்தார். முடியவில்லை.]

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றது. வாய் பேசாத, காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளி. அறுபது பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள். வருடா வருடம் மற்ற எதற்கும் முன்னால் அந்த எட்டுப் பேரின் சம்பளம் போய்விடும். பெயர்ப்பலகை கிடையாது, திறப்பு விழா கிடையாது. ஏனென்றால் அறக்கட்டளைப் பத்திரத்தின் முதல் விதி ஒரே வரி: 'பேச்சில்லாத பிள்ளைகளுக்கு முதலில்.'

அப்பா பெயரில் ஒரு விளையாட்டரங்கம் கட்டவேண்டும் என்பது அண்ணனின் ரொம்ப நாள் ஆசை. அறக்கட்டளையின் வக்கீல் ஒவ்வொரு கூட்டத்திலும் தலையாட்டி மறுத்துவிடுவார். "அது உங்கப்பாவோட வாக்கு. அந்த வரி இருக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்து மேல யாரும் கைவைக்க முடியாது."

4

பீரோவுக்குள் ஒரு சீட்டு கிடைத்தது. பழுப்பேறிய துண்டுக் காகிதம், கோணல் மாணலான எழுத்து. நான் வாங்கி வாய்விட்டுப் படித்தேன். "பேச்சில்லாத பிள்ளைக்கு முதலில்."

"பிள்ளைகளுக்கு, சார்," பீரோவைப் பூட்டியபடியே செயலாளர் திருத்தினார்.

"இல்லம்மா. பிள்ளைக்குன்னுதான் இருக்கு."

"அவசரத்துல எழுதியிருப்பாரு. ஒரே ஒரு பிள்ளைக்காக யாராவது அறக்கட்டளை வைப்பாங்களா? நான்தான் அடிக்கும்போது 'களு'ன்னு ரெண்டு எழுத்து சேத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சாவி பீரோவிலேயே தொங்க, பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "ஐயையோ," என்றார்.

5

பத்திரம் எழுதிய அன்று நடந்தது இது. முதலாளிக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது. எதுவானாலும் இடது கையால் சீட்டில் எழுதிக் காட்டுவார். பத்திரம் எழுத வந்த வக்கீல் கட்டில் பக்கம் குனிந்து, "முதல்ல யாருக்குங்க?" என்று கேட்டார். முதலாளி இந்த வரியை எழுதினார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கண் கலங்கிவிட்டது. தனக்குப் பேச்சு போன பிறகும், பேச்சு வராத பிள்ளைகளை நினைத்தாரே என்று.

இருபத்தாறு வயதுச் செயலாளர் அதைத் தட்டச்சு செய்தார். 'வாய் பேசாத' என்றுதானே எல்லாரும் சொல்வார்கள், இவர் ஏன் 'பேச்சில்லாத' என்று எழுதியிருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அதையும் மாற்றிவிடலாமா என்றுகூடக் கை பரபரத்தது. ஏதோ தோன்றி விட்டுவிட்டார். 'களு'வை மட்டும் சேர்த்தார்.

படித்துப் பார்க்கக் கொடுத்தபோது முதலாளி ஒரு இடத்தில் விரலை வைத்தார். அழுத்தி வைத்தார். நிமிர்ந்து செயலாளரின் முகத்தையே பார்த்தார்.

"கையெழுத்து எங்க போடணும்னு கேக்கறார்னு நினைச்சேன் சார்," என்று என்னிடம் சொன்னார் செயலாளர். "பேனாவைக் கையில குடுத்துட்டேன்."

முதலாளி அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

[இங்கே அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்ததாக எழுதியிருந்தேன். "அதெல்லாம் வரல சார்," என்றார் செயலாளர். அடித்துவிட்டேன்.]

6

முதலாளிக்கு ஒரு மகளும் உண்டு. அறுபத்து மூன்று வயதாகிறது. ஆலைக்கு இன்னும் 'தங்கச்சி'தான்.

அந்தக் காலத்தில் அவர்தான் ஆலையில் வருகைப் பதிவேடு பார்த்தவர். ஒருநாள் காரத் தொட்டியிலிருந்து காஸ்டிக் சோடா தெறித்து ஒரு தொழிலாளிப் பெண்ணின் கை வெந்துபோனது. அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று முதலாளி சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் தங்கச்சி, "தொட்டி மூடி உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சுங்க. நானே ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன்," என்று போட்டு உடைத்துவிட்டார்.

மறுநாள் ஆலை வாசலில், வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, முதலாளி மகளிடம் கடைசியாகப் பேசினார். "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

ஐந்து வருடம் ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியில் பேச வேண்டும் என்று அவர் நினைத்திருந்தாலும், அப்போது வாய் இல்லை. கையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் 'பேச்சில்லாத பிள்ளைக்கு' என்று எழுதினார். அதையும் நாம் திருத்திவிட்டோம்.*

* 'நாம்' என்று எழுதியது தெரிந்தேதான். பன்மை போட எனக்கும் கை வருகிறது.

தங்கச்சி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துத் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார். வருடா வருடம் அறக்கட்டளை விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை செயலாளரிடம், "அப்பா என்னப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிருந்தாரா?" என்று கேட்டார். ஏதோ நேரம் கேட்பதுபோலக் கேட்டார்.

"இல்லையேம்மா," என்றார் செயலாளர்.

"சரி," என்று விழாவில் எல்லாருக்கும் கொடுக்கும் சோப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு தங்கச்சி போய்விட்டார்.

7

இப்போது செயலாளரின் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்தச் சீட்டைத் தங்கச்சியிடம் காட்டினால் அது அண்ணன் காதுக்கும் போகும். முதல் விதியே ஒரு தட்டச்சுப் பிழை என்றாகிவிட்டால் வக்கீலின் தலையாட்டலுக்கு மதிப்பில்லை. பள்ளி போகும், அரங்கம் வரும். காட்டாவிட்டால், அப்பா என்னை மறந்தே செத்தார் என்ற நினைப்போடு தங்கச்சி மிச்ச நாளையும் ஓட்டுவார்.

"அவங்க வெளிய சொல்லாம இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"உடைஞ்ச மூடியையே மறைக்காதவங்க சார்."

நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் செயலாளர் சீட்டைக் கிழித்துப்போடுகிறார். அதைப் படித்த செயலாளரே, "இது எனக்குத் தோணாமலா இருக்கும்? மனசு கேக்கல," என்றார். இரண்டாவதில் அண்ணனே மனம் திருந்தித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு [சரி சரி, எனக்கே கூசுகிறது]. மூன்றாவதில் தங்கச்சி சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "என் பங்கு அந்தப் பிள்ளைங்களுக்கே போகட்டும்," என்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்ததும் ஒரு டீகூடக் குடித்தேன்.

செயலாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

"நல்லா இருக்கு சார். எனக்கு ரொம்ப வசதியா இருக்கு. அவங்க பெருந்தன்மையா விட்டுக்குடுத்துட்டா என் தப்பு சரியாயிடும். ஆனா அவங்க ஏன் விட்டுக்குடுக்கணும்? அவங்களுக்குன்னு அவங்கப்பா குடுத்தது அந்த ஒரு வரிதான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த முடிவையும் எடுத்துவிட்டேன்.

8

கடைசியில் நான்தான் சொன்னேன். "சீட்டை அப்படியே படமெடுத்து முதல் பக்கத்துல போட்டுடலாம். ஒரு விளக்கமும் வேண்டாம். பேச்சு இல்லன்னு அவர் யார்கிட்ட சொன்னாரோ, அவங்களுக்கு மட்டும் அது புரியும்."

மூன்றாம் நாள் செயலாளர் சீட்டை ஒரு உறையில் போட்டு என் மேசையில் வைத்தார்.

அச்சுக்குப் போகும் முன் அண்ணன் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பா எழுத்து! இன்னும் பெருசா போடுங்க," என்றவர், அதன்மேல் கையை வைத்துச் சத்தமாகப் படித்தார். "பேச்சில்லாத பிள்ளைகளுக்கு முதலில்." காகிதத்தில் இல்லாத அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து, தடங்கல் இல்லாமல் படித்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம். செயலாளர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

விழா ஒரு பிற்பகல். மேடையில் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் கையசைவில் ஒரு நாடகம் நடத்தினார்கள். நாடகத்தில் ஒரு வாத்தியார் கதாபாத்திரம் சரியான மொக்கை வாங்க, கூட்டம் சிரித்தது. தங்கச்சி கடைசி வரிசையில், வழக்கமான நாற்காலியில். செயலாளர் மேடைக்குப் போகவில்லை. ஒரு மலரைக் கொண்டுவந்து தங்கச்சியின் மடியில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன்.

தங்கச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அட்டையைத் திருப்பினார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். மேடையில் நாடகம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வணங்கினார்கள். அவர் நிமிரவில்லை.

பிறகு அந்த வரியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அழுத்தி வைத்தார். நிமிர்ந்து செயலாளரின் முகத்தையே பார்த்தார்.

இதற்குமேல் என்னிடம் முடிவு இல்லை. ஒரு பக்கம் அறுபது பிள்ளைகள், ஒரு பக்கம் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு விரல். நான் எழுதினால் எனக்கு வசதியானதைத்தான் எழுதுவேன் என்று ஏற்கெனவே கையும் களவுமாகப் பிடிபட்டவன் நான். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், என் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை செயலாளர் பேனாவை நீட்டவில்லை.

"சொல்லுங்கம்மா," என்று கேட்டார், "அந்த இடத்துல என்ன?"