தலைப்பு முப்பத்தொன்று

அமைச்சகத்தின் பத்திரிகைப் பிரிவில் வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். பதினான்கு நாளிதழ்கள் கட்டுக் கட்டாக வந்து நீள மேசையில் விழும். கத்திரி அக்கா ஒவ்வொன்றையும் புரட்டி, அமைச்சகத்துக்கு வேண்டிய செய்திகளைச் சிவப்புப் பென்சிலால் வளைத்து வெட்டுவாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பையன், பிரிவில் அவன் பெயர் பசை, அவற்றை வெள்ளைத் தாளில் ஒட்டி, மேல் மூலையில் தலைப்பு எண்ணை எழுதுவான். பத்து மணிக்குள் கோப்பு ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். கணினியில் செய்தி திரட்டும் பிரிவு ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. ஆனால் அமைச்சர் காகிதத்தில்தான் படிப்பார்.

அன்று பதினோராவது நாள்.

"அக்கா, நம்ம சண்டை முடிஞ்சிருச்சா?" என்றான் பசை.

"ஏண்டா?"

"முப்பத்தொண்ணுக்குப் பதினோரு நாளா ஒரு கட்டிங்கும் காணோம். முடிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? அந்தப் பக்கத்து ஆளுங்க பாவம், விஷயம் தெரியாம சுட்டுக்கிட்டே இருக்கப் போறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையில் அவள் மகன் இருந்தான் என்பது பசைக்குத் தெரியும், பிரிவு அதிகாரிக்குத் தெரியும். மற்றபடி அந்தக் கட்டடத்தில் பலருக்கு இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்பதே தெரியாது. அரசாங்கம் அதைச் சண்டை என்று சொல்வதில்லை. கோப்பில் அதன் பெயர் 'தலைப்பு 31: கடல்கடந்த பாதுகாப்புப் பணி'.

படை புறப்பட்ட அன்று பதினான்கு பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் படம் வந்தது. கத்திரி மழுங்கும் அளவுக்கு வெட்டினாள். மூன்றாவது மாதம் அது ஐந்தாம் பக்கத்துக்குப் போனது. எட்டாவது மாதம் வானிலைக்குக் கீழே நான்கு வரி. இப்போது பதினாறாவது மாதம். ஒரு நடிகரின் விவாகரத்தும் கோப்பைப் போட்டியும் பத்திரிகைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தன.

மகன் போனது ஒரு வருடத்துக்கு. நீர் இறைக்கும் நிலையம் ஒன்று இருக்கும் வறண்ட மேட்டில், முப்பத்திரண்டு பேரில் ஒருவனாக நின்றுகொண்டிருந்தான். வருடம் முடிந்து நான்கு மாதமாகியும் மாற்றுப் படை போகவில்லை. அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். அவன் வரும்போது நடந்து காட்டும் என்று மருமகள் முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

மாற்றுப் படை அனுப்புவது பற்றித் திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டம் கோப்பில் உள்ள தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். பதினான்கு நாள் தொடர்ந்து ஒரு கட்டிங்கும் வராத தலைப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். அது பிரிவின் விதி. வெள்ளத்தில் வீடு போனவர்களின் தலைப்பையும், சாயப் பட்டறையில் விஷவாயு தாக்கியவர்களின் தலைப்பையும் கத்திரி அக்காவே அடித்திருக்கிறாள். அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாள்.

அன்று கோப்பை வாங்க வந்த பிரிவு அதிகாரியிடம் மெல்லக் கேட்டாள்.

"சார், முப்பத்தொண்ணு இன்னும் மூணு நாள்ல போயிடும்."

அவர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். கோபப்படாத மனிதர். "பட்டியல்ல இருக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தர் 'இது என்னாச்சு'ன்னு கேப்பாங்க மேடம். இல்லேன்னா யாரு கேக்கப் போறா? ஏதாவது சின்னதா ஒண்ணு கிடைச்சாக்கூடப் போதும். வாசகர் கடிதமா இருந்தாலும் கணக்குதான்."

அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் வீட்டுக்குப் போனதும் அவள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தாய் எழுதுவது என்று தொடங்கி, பிள்ளைகளை ஒரு வருடத்துக்கு என்று சொல்லி அனுப்பினீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினாள். மூன்று படி எடுத்து மூன்று பத்திரிகை அலுவலகங்களின் வாசல் பெட்டியிலும் தானே போய்ப் போட்டாள். மறுநாள் எதிலும் வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக வாசகர் கடிதப் பகுதியைப் படித்தவளுக்கு அது ஏன் வரவில்லை என்பது தெரிந்துதான் இருந்தது. கடிதம் சின்னதாக இருக்க வேண்டும். அதில் ஓர் எண் இருக்க வேண்டும். படிப்பவன் நெஞ்சை நிமிர்த்த வேண்டும். அழுகையை யாரும் அச்சில் ஏற்றுவதில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆனாள்.

'முப்பத்திரண்டு பேர். ஒரு மேடு. பதினாறு மாதம். நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு இதைவிடப் பெரிய கூட்டல் தெரியாது. அவர்கள் அங்கே சலிக்காமல் நிற்கிறார்கள். நாம்தான் இங்கே மறந்துவிட்டோம். உடனே மாற்றுப் படை அனுப்பி அவர்களை வீட்டுக்கு அழையுங்கள்.'

பதினான்காம் நாள் காலை, ஒன்பதாவது பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில், அடியில் அது வந்திருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. இடம் போதாமல் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். பென்சிலால் வளைத்து, கத்திரியை எடுத்தாள்.

பசை வாங்கிப் பார்த்தான். "கோணலா வெட்டியிருக்கீங்களேக்கா. உலக அதிசயம்!" என்று சொல்லி, அளவுகோல் வைத்து ஓரத்தைச் சரிசெய்து ஒட்டினான்.

அடுத்த ஐந்து வாரத்தில் அவள் மருத்துவமனைச் செவிலி ஆனாள், லாரி ஓட்டுநர் ஆனாள், இல்லத்தரசி ஆனாள், கல்லூரி மாணவன் ஆனாள். ஒவ்வொருவருக்கும் ஒரு வகைத் தாள், ஒரு நிறப் பேனா. மொத்தம் ஒன்பது கடிதங்கள் வெளியாயின. எல்லாவற்றிலும் கடைசி வாக்கியம் ஒன்றுதான்: மாற்றுப் படையை அனுப்புங்கள். பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் அதை வெட்டிவிட்டு மீதியைப் போட்டன. சலிக்காதவர்கள், அசையாதவர்கள், இவர்களைப் பெற்ற நாடு பாக்கியம் செய்தது: இவைதான் அச்சில் மிஞ்சின. அவள் அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் ஒரு செய்தி எதைப் பற்றியது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஐந்தாம் மாடியின் வேலை. ஒரு கட்டிங் வந்தால் இன்னும் பதினான்கு நாள். அவளுக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"இந்த லாரிக்காரன் நல்லா எழுதறான்க்கா," என்றான் பசை ஒரு நாள். "அரைப்புள்ளி எல்லாம் வெச்சிருக்கான். அரைப்புள்ளி வெக்கிற லாரிக்காரனை நான் இப்பதான் பாக்கறேன்."

"படிச்ச லாரிக்காரனா இருப்பான்."

"இருப்பான், இருப்பான். வேலை கிடைக்காம வண்டி ஓட்டறான் போல." அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டிங்கை மட்டும் சுருக்கம் விழாமல் இரண்டு முறை நீவிவிட்டு ஒட்டினான்.

அவள் வேறொன்றுக்காகவும் ஒவ்வொரு காலையும் பதினான்கு பத்திரிகைகளிலும் தேடினாள். தன் கடிதங்களுக்கு யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா? ஆமாம் என்றோ, இல்லை என்றோ, போங்கடா நீங்களும் உங்கள் சண்டையும் என்றோ ஒரே ஒருவர். நாய்க்கு உரிமம் வேண்டுமா என்ற விவாதம் மூன்று வாரம் நடந்தது. கோப்பைப் போட்டி நடுவரைத் திட்டி ஒரே நாளில் பதினேழு கடிதங்கள். முப்பத்தொன்றுக்கு அவள் எழுதியதைத் தவிர ஒரு வரி இல்லை.

ஆறாவது திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பிரிவு அதிகாரி படியிறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், முப்பத்தொண்ணு மேல பெரிய ஆளாயிடுச்சு! அமைச்சர் எல்லாக் கடிதத்தையும் சேர்த்து வெச்சு ஒரே மூச்சுல படிச்சாராம். கூட்டத்துலயும் படிச்சுக் காட்டினாராம்."

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். "மாற்றுப் படை..?"

"அதைத்தான் சொல்ல வர்றேன்." அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இவள் யார் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மக்கள் இவ்வளவு பெருமையா நினைக்கிறப்போ படையை மாத்தினா தப்பாத் தெரியும்னு முடிவு பண்ணிட்டாங்க. இதே ஆளுங்க இன்னும் எட்டு மாசம் இருப்பாங்க. மாற்றுப் படை விஷயத்தை முடிச்சு வெச்சுட்டாங்க. உத்தரவு இன்னிக்கே போகுது."

பசை தூரிகையைப் பசைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் எழுந்து அதிகாரியின் அறைக்குள் போய், அவர் பின்னாலேயே வரும் வரை நின்றாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு வாத்தியாரில் தொடங்கி ஒன்பது பேரையும் வரிசையாகச் சொன்னாள். கைப்பையிலிருந்து பேனாக்களை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அவர் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை என்கிட்ட சொல்லலேன்னு வெச்சுக்கோங்க மேடம்."

"மேல சொல்லுங்க சார். மக்கள் யாரும் எழுதல, ஒரு பொம்பளை உக்காந்து எழுதினதுன்னு சொல்லுங்க. வேலையை விட்டு எடுக்கட்டும். ஜெயில்ல போடட்டும்."

"சொல்லி? அமைச்சர் கூட்டத்துல படிச்சதெல்லாம் பொய்னு நான் போய்ச் சொல்லணுமா? அவரு அறிக்கையே விடப் போறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேப்பர்ல வந்தது வந்ததுதான். நாம உண்டாக்கல, வெட்டித்தான் அனுப்பினோம். கோபப்படாதீங்க. ஒண்ணு சொல்றேன். 'எங்க பசங்களை வரவிடுங்க'ன்னு நிஜமாவே யாராவது ஒருத்தர், யாரோ ஒருத்தர், எழுதியிருந்தாக் கொடுங்க. நானே கையில எடுத்துக்கிட்டுப் போய் மேல வெக்கறேன்."

"அப்படி ஒண்ணும் இல்ல சார்."

"நல்லாத் தேடிப் பாருங்க."

"அஞ்சு வாரமாத் தேடிட்டேன்."

அவர் பேனாக்களைச் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினார்.

செவ்வாய்க்கிழமை அமைச்சரின் அறிக்கை பதினான்கில் மூன்று பத்திரிகைகளில் வந்தது. ஒன்றில் மட்டும்தான் அதற்குத் தனியாகத் தலைப்பு போட்டிருந்தார்கள். அவள் மூன்றையும் வெட்டினாள். கணக்கு வாத்தியாரின் கூட்டலை அமைச்சர் மேற்கோள் காட்டியிருந்தார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மகன் பேசுவான். வாரத்துக்குப் பத்து நிமிடம். அதில் பாதி அம்மாவுக்கு, பாதி மனைவிக்கு. இந்த ஞாயிறு எதையும் மறைப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். என்னால்தான்பா, நான்தான் எழுதினேன் என்று சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்துப் பழகிக்கொண்டாள்.

"என்ன அத்தை?" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்லம்மா."

உத்தரவைக் கேட்ட நாளிலிருந்து மருமகள் அழவில்லை. மருந்துக் கடை வேலைக்குப் போனாள், வந்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டினாள். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியம் பால்காரரிடம் பேசியதுதான்.

போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"அம்மா, கேட்டிருப்பே. எட்டு மாசம்."

"கேட்டேன்பா. நான் உன்கிட்ட ஒண்ணு..."

"இரு, இரு, நான் முதல்ல சொல்லிடறேன். நேரம் போயிடும்." அவன் குரல் அவள் பயந்தபடி இல்லை. "உத்தரவு வந்தப்போ எல்லாருக்கும் வெறியே வந்துடுச்சு. ஒருத்தன் ரெண்டு நாள் சாப்பிடல. இன்னொருத்தன் துப்பாக்கியைத் தூக்கிச் செவுத்துல அடிச்சான். அப்பறம் கேப்டன் எங்களை வரிசையா நிக்க வெச்சு, ஊர்லேருந்து மக்கள் எழுதின கடிதம்னு ஒன்பது கடிதத்தைப் படிச்சாரு. உத்தரவோடவே அனுப்பி வெச்சிருக்காங்க. நீ பாத்திருப்பியே?"

"பாத்தேன்."

"நாங்க என்னடான்னா ஊர்ல ஒரு நாய்கூட எங்களை நினைக்கலேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். யாருக்காகடா இங்க நிக்கறோம்னு தினம் சண்டை. எங்க சமையல்காரன் இருக்கானே, அவன் அந்தக் கணக்கு வாத்தியார் கடிதத்தை மனப்பாடமே பண்ணிட்டான். குழம்புல உப்பு போட மறந்துடறான், கூட்டலை மட்டும் மறக்க மாட்டேங்கறான். லாரிக்காரர் ஒருத்தர் எழுதியிருக்காரும்மா, படிச்சுட்டு எங்க சார்ஜென்ட் அழுதுட்டாரு. அந்த மனுஷன் சிரிச்சே நான் பாத்ததில்ல."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"எல்லாரும் என்னைத்தான் பிடுங்கறாங்க. உங்க அம்மாதானே எல்லாப் பேப்பரையும் பாக்கறாங்க, கேளுடான்னு. இன்னும் எழுதறாங்களா?"

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுதறாங்கப்பா."

"நிஜமாவா? எத்தனை பேரு?"

"நிறைய பேரு."

"நிறைய பேராம்டா!" என்று அவன் போனை வாயிலிருந்து எடுத்துக் கத்தினான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கை தட்டினார்கள். யாரோ தகரத்தில் அடித்தான். யாரோ ஒருவன், "வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொல்லு!" என்று கத்துவது தெளிவாகக் கேட்டது.

"சொல்லிடறேன்னு சொல்லுப்பா," என்றாள் அக்கா.

போனை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் அங்கே என்ன சொன்னானோ, கூடத்தில் மருமகள் சிரிப்பது கேட்டது.